நுரைக்காத சவர்க்காரம்

பேத்தி இன்று ஒரு சாக்லெட் வாங்கி வந்தாள். பிரித்ததும் புதினா வாசனை. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளைப் பாகு. அதே சாக்லெட்தான், நண்பா. உறையில் இருந்ததை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி நானே வாசித்தேன். ஆமாம், நானேதான்! முதியோர் வகுப்பில் தமிழும் மலாயும் எழுதப் படிக்கக் கற்கிறேன். நான் என் கையால் எழுதும் முதல் கடிதம் இது, இறந்துபோன உனக்கு.

இது விக்டோரியா ராணி காலத்துச் சரக்காம், பேத்தி சொன்னாள். முதலில் கையால் செய்தார்களாம், விலை அதிகம். ஆலையில் அச்சில் வார்க்கத் தொடங்கிய பிறகுதான் எல்லோர் கைக்கும் வந்ததாம். காஜா பெராங் தெருவில் நம் முதலாளியின் கடைக்கு வந்தபோது எனக்கு அது சவர்க்காரம்.

மலாய் நாடு சுதந்திரம் அடைவதற்குச் சில வருஷம் முன்பு. காட்டில் ஒளிந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று சாலைகளில் தடுப்புப் போட்டிருந்தார்கள். தோட்டத்துக்குப் போகும் லாரியில் உணவு பிடிபட்டால் சிறை. நான் சரக்கைப் பெட்டியில் அடுக்கிக் கூடவே வருவேன், நீ லாரி ஓட்டுவாய். அன்று சவர்க்காரப் பெட்டியில், அதுவும் சவர்க்காரம் என்று நினைத்து, ஒரு சாக்லெட்டையும் அடுக்கிவிட்டேன்.

குருபோங் சாலைத் தடுப்பில் மலாய்க் கான்ஸ்டபிள் அதைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் வாசிக்கத் தெரியாது போலும். நீ உறையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

“மக்கானா, சாபுனா?” சாப்பாடா, சவர்க்காரமா என்று கேட்டார்.

“சாபுன், துவான்.” சவர்க்காரம்தான் ஐயா என்றாய்.

“கை கழுவிக் காட்டு.”

உறையைக் கிழித்து, உடைத்து, உள்ளே இருந்த வெள்ளையை வாளித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாய். வெள்ளையாகக் கரைந்தது. நுரை வரவில்லை.

“நுரை எங்கே?”

“உங்க கிணத்துத் தண்ணி உப்பு, துவான். இதுல எந்தச் சாபுன் நுரைக்கும்?” என்று மலாயில் சொல்லிச் சிரித்தாய்.

முகர்ந்து பார்த்தார். புதினா. தலையாட்டினார். ஆனால் உன் விரலிலிருந்து ஒரு சொட்டு மண்ணில் விழுந்திருந்தது. எறும்புகள் வரத் தொடங்கின. அவர் பெட்டியை மூடும்வரை அந்தச் சொட்டின்மேல் செருப்புக் காலை வைத்து அசையாமல் நின்றாய்.

வெகுதூரம் போன பிறகே விரலை நக்கினாய். “டேய் பாய், உன் சாபுன் இனிக்குதுடா!”

நான் அழுதேன். “எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு முதலாளிகிட்ட சொல்லிடாதே. வேலை போயிரும்.”

“நான் சொல்லமாட்டேன். எறும்பு சொன்னா நான் பொறுப்பில்ல.”

அதன்பின் ஒவ்வொரு பெட்டியையும் ஆணி அடிக்குமுன் வந்து பார்ப்பாய். முதலாளி ஏனென்று கேட்டால், “கனம் பாக்குறேன், முதலாளி” என்பாய். கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

இன்று உறையை வாசித்து முடித்ததும் என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன், நீ பின்னால் நின்று சரிபார்க்கிறாயா என்று. எதை வாசித்தாலும் அப்படித்தான் திரும்புகிறேன். பிறகு ஒரு துண்டை வீட்டுக்குப் பின்னால் எறும்புகளுக்கு வைத்தேன். நம் ரகசியத்தைக் காத்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நானும் அவையும்தான்.