பயமா இருக்கான்னு கேட்டாங்க

மார்ச் 4

இன்று குடியேற்ற ஆபீஸில் பத்து விரலுக்கும் ரேகை எடுத்தார்கள். போட்டோ பிடித்தார்கள். சிரிக்கக் கூடாதாம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். அடைக்கலம் கேட்டு வந்தோம் என்றேன். அதை முதல் நாளே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று நாங்கள் தங்கியிருக்கிற விடுதியில் சொல்லியிருந்தார்கள். மற்றதெல்லாம் பிறகு, என்னைத் தனியாக, என் சம்சாரத்தைத் தனியாக விசாரிப்பார்களாம்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இத்தனை போட்டோ எடுக்கலடி" என்றேன்.

"அப்பவும் மூஞ்சி இதேதான்" என்றாள்.

மார்ச் 11

எங்கள் வக்கீலம்மா சின்னப் பெண். "ஐயா, நடந்ததை நடந்த வரிசையில சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லுங்க. முடிவுல வாசிச்சுக் காட்டுவாங்க, தப்பா இருந்தா அங்கேயே நிறுத்துங்க." மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நடந்தது இதுதான், எழுதிப் பார்க்கிறேன். என் சலூனில் ஒரு வாத்தியார் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். முகத்தை மூடிய மூன்று பேர் வந்து அவரை இழுத்துப் போனார்கள். ஒருத்தன் குனியும்போது பிடரியைப் பார்த்தேன். இடது பக்கம் மரு, மேலே இரட்டைச் சுழி. மாசாமாசம் நான் வெட்டுகிற தலை. முடி வெட்டுகிறவனுக்கு ஆளை முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால்தான் நன்றாகத் தெரியும். அது போலீஸ்காரன் தலை. வாத்தியார் வீட்டம்மாவிடம் சொன்னேன். அந்தம்மா என்னைச் சாட்சியாகச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார். பிறகு என் கடை எரிந்தது. பிறகு என் வீட்டு வாசலில் தினம் ஒரு வண்டி நின்றது.

எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. யார் வீட்டுக் கதையோ மாதிரி.

மார்ச் 26

விசாரணை. அதிகாரி, நான், மொழிபெயர்க்கிற பொண்ணு. ஜன்னல் இல்லாத அறை.

எல்லாம் சொன்னேன். ஆனால் இந்த வாய் இருக்கிறதே — நாற்காலியில் உட்கார்ந்தவரைச் சிரிக்கவைத்தே பழகியது. "பாதி மூஞ்சி நுரையோட போனாரு சார், காசும் குடுக்கல" என்று சிரித்தேன். அந்தப் பொண்ணு சிரிக்காமல் மொழிபெயர்த்தது. கடைசியில், திரும்பிப் போகப் பயமா இருக்கா என்று கேட்டார்.

"எனக்கென்ன சார் பயம்? எத்தனை பேர் கழுத்துல கத்தி வச்சவன் நான்!"

வாசித்துக் காட்டினார்கள். தலை கிறுகிறுத்தது. எல்லாவற்றுக்கும் ஆமா, ஆமா. கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 2

என் சம்சாரத்தை விசாரித்தார்கள். வந்ததும் படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 9

வக்கீலம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினாள். "கதவு தட்டுற சத்தம் கேட்டாலே நீங்க குளியலறைக்குள்ள போய் உட்கார்ந்துக்கறீங்கன்னு உங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்க. நீங்க பயமே இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டுல எதை நம்புவாங்க?"

"விளையாட்டுக்குச் சொன்னேம்மா."

"அவங்களுக்கு அது பதில்தான் ஐயா. பயமில்லாதவருக்கு எதுக்கு அடைக்கலம்? திருப்பி அனுப்பிடுவாங்க."

மறுபடி விசாரிக்கச் சொல்லி எழுதிக் கேட்பாளாம். ஒத்துக்கொள்ளலாம், கொள்ளாமலும் போகலாம்.

வழியில் இவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "எழவு வீட்டுலயும் சிரிக்கவைக்கிற வாய். இப்ப நமக்கே எழவு வைக்குது."

 

ஏப்ரல் 10

ஒன்றுமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சுவர்.

மே 6

மறுபடி கூப்பிட்டார்கள். அதே அறை, அதே பொண்ணு. வாசலில் இவள் என் சட்டைக் காலரை இழுத்துவிட்டு, "இன்னிக்குப் பல்லைக் காட்டினீங்க, அப்புறம் எனக்குப் புருஷனே கிடையாது" என்றாள்.

அதே கேள்வி. பயமா இருக்கா? கேலி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"இருக்கு சார்" என்றேன். அப்புறம் எங்கிருந்து வந்ததோ — "வாத்தியாரை இழுத்துட்டுப் போன அன்னிலேர்ந்து சவரக் கத்தியைத் தொட முடியல. என் தாடியை என் பொண்டாட்டிதான் மழிக்கிறா. எப்படிப் பிடிக்கணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன், கண்ணை மூடிக்கிட்டே."

பொண்ணு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னது. அவர் எழுதினார். எனக்கு அழுகையும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்கிய இடம் மாதிரி இருந்தது.

வாசித்துக் காட்டும்போது மரு வலது பக்கம் என்று வந்தது. நிறுத்தினேன். "இடது பக்கம் சார்." திருத்தினார்கள்.

மே 30

தபால் இல்லை.

ஜூன் 21

வக்கீலம்மா போன் செய்தாள். ஏற்றுக்கொண்டார்களாம். ரெண்டு பேரையும். இருக்கலாமாம்.

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது?

இவள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ஒரு பெரிய கம்பளிப் போர்வையோடு திரும்பினாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

"இந்தப் புழுக்கத்துலயாடி?"

"இப்பதான் விலை மலிவு. குளிர்காலத்துக்கு வேணுமே" என்று மடித்து மேலே வைத்தாள்.