அண்ணிக்கு அடித்த லக்கு

என்னங்க,

சோறு குக்கரில் இருக்கிறது. முட்டையை நீங்களே பொரித்துக்கொள்ளுங்கள், ஒற்றைக் கையால் எனக்கு உடைக்க வரவில்லை. எழுத்தும் கோணல்தான்; இடது கை இன்னும் பழகவில்லை.

உங்கள் சிநேகிதர், அந்தப் பங்குத் தரகர், நாலு மணிக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நேற்று நம் வீட்டில் தின்றுகொண்டே என்ன சொன்னார்? "அண்ணிக்கு லக்கு அடிச்சிருக்கு! வீட்டுக் கடன்ல கொண்டுபோய்க் கொட்டிடாதீங்க, பங்குல போட்டா ரெண்டு மடங்கு." அட்டைப்பெட்டி மிஷினில் என் இரண்டு விரல் போனதற்குக் கம்பெனி கொடுத்த நஷ்டஈடு அது. நீங்களும் சேர்ந்து பல்லைக் காட்டினீர்கள்.

காலையில் அலமாரியில் அவருடைய படிவத்தைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் உங்கள் பென்சில் குறி. சீ! கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

கடனை அடைக்கும் பேங்க் படிவம் மேசைமேல் இருக்கிறது. கடன் இருவர் பேரிலும் என்பதால் உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம். எங்கே போடுவது என்று நானும் பென்சிலில் குறித்திருக்கிறேன்.

கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். துணைக்கு வர வேண்டாம். சாவி பக்கத்து வீட்டில்.

பி.கு.: லக்கு வேண்டுமென்றால் உங்கள் சிநேகிதருக்குப் பத்து விரல் இருக்கிறது. மிஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.