மனுதாரர் பெர்னதெத்

லிங்கராஜபுரம், பெங்களூரு
ஜூன் 8

மாண்புமிகு தலைமை நீதிபதி அவர்களுக்கு, பெர்னதெத் பணிவோடு சமர்ப்பிக்கும் மனு.

தம்பி, போன் செய்தால் உன் செயலாளர் எடுத்து, "ஹேளி மேடம், ஏனு விஷய?" என்று கன்னடத்தில் விஷயத்தைச் சொல்லச் சொல்கிறார். என்னத்தைச் சொல்வது? அதனால்தான் கோர்ட் விலாசத்துக்கே எழுதுகிறேன்.

முறையீடு ஒன்று: தாங்கள் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஐந்து மாதமாகிறது. இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இரண்டு: எங்கள் தெருவுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் ராஜகாலுவே என்கிற பெரிய கால்வாயை அபார்ட்மென்ட் கட்டுகிறவன் மண் கொட்டி மூடிவிட்டான். மழை வந்தால் கீழ்வீட்டுக்குள் தண்ணீர். அங்கே குடியிருக்கும் மமதா கைக்குழந்தையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்று: ஆகஸ்டில் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன். பயமாகத்தான் இருக்கிறது.

ஆகவே, ஞாயிறன்று நேரில் பார்வையிட்டு, மீன் குழம்பும் சாப்பிட்டுப் போக வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அக்கா பெர்னதெத்

—

பெங்களூரு
ஜூலை 4

அன்புள்ள அக்கா,

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை. தலைமை நீதிபதிக்கு வரும் கடிதத்தில் ஊர்ப்பிரச்சினை இருந்தால் அதைப் பொதுநல மனுவாகப் பதிவது இங்கே வழக்கம். உன் கிண்டலையும் பதிந்துவிட்டார்கள். "தம்பி என்று எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்றேன். "தமிழ்க்காரம்மாங்க எல்லாரையும் தம்பின்னுதானே சார் கூப்பிடுறாங்க" என்கிறார் செயலாளர்.

மனு என் முன்னாலேயே வந்தது. உன் பெயரைப் பார்த்ததும் வேறு அமர்வுக்கு அனுப்பிவிட்டேன். கட்டடக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

எந்த வழக்கு யாரிடம் போவது என்று பிரித்துக் கொடுப்பவன் நான். வழக்கு இங்கே இருக்கும்வரை மனுதாரர் வீட்டுப் படியை மிதிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கும்தான்.

உனக்கு ஆபரேஷன் என்றால் எனக்குக் கை ஓடவில்லை. வாபஸ் வாங்குவதாக ஒரு வரி எழுதிக் கொடு, மறுநாளே வருகிறேன். இதை நான் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
இன்னாசி

—

லிங்கராஜபுரம்
ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன், பயப்படாதே. இதை யாரும் பதிய மாட்டார்கள்.

வாபஸ் வாங்கலாம் என்று காகிதம் எடுத்து உட்கார்ந்தது உண்மை. அம்மாவும் போன பிறகு மிச்சம் இருப்பது நீயும் நானும்தானே. அன்றைக்குப் பார்த்து ஜேசிபி வந்தது. கோர்ட் உத்தரவாம், பாதி மண்ணை அள்ளினார்கள். மீதியை அடுத்த விசாரணைக்குள் எடுக்க வேண்டுமாம். நான் விலகினால் அவன் மறுபடி கொட்டுவான். "விட்ராதீங்க ஆண்ட்டி" என்று மமதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட மமதா வருகிறாள். என்ன உறவு என்று கேட்டால் தங்கை என்று சொல்வாளாம். நீ பக்கத்தில் இல்லையே என்று நேற்று அழுதேன். உன் மேல் கோபம் இல்லை.

ஆனால் அந்த ஒரு வரியை நீ கேட்டிருக்கக்கூடாது இன்னாசி. வெளியே தெரிந்தால் உன் இத்தனை வருஷத்துப் பெயர் போய்விடும். உன் கடிதத்தைக் கேஸ் அடுப்பில் கொளுத்திவிட்டேன். இதையும் படித்துவிட்டுக் கொளுத்திவிடு. வழக்கு முடியும்வரை எழுதாதே, வியாழக்கிழமை என்ன ஆனாலும் வராதே.

உன் அக்கா