முதுகில் வைகை பின்னிய ரவிக்கை

காளாத்தீசுவரர் துணை
உத்தமபாளையம்
18-3-1937

எங்கள் வீட்டு மாப்பிள்ளை முத்துவீரன் அவர்களுக்கு, உங்கள் மனைவி ராமுத்தாயின் அக்காள் கருத்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. ஞானாம்பிகை தயவில் நாங்கள் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், அத்தையின் இருமல் குறைந்ததா என்பதையும் எழுதவும்.

ராமுத்தாயைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அலைய வேண்டாம். முந்தாநாள் மத்தியானம் தேனியிலிருந்து வந்த மோட்டாரில் தனியாக இறங்கி, நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையில் மாற்றுச் சேலைகூட இல்லை. "ஏத்தா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற?" என்றேன். "ஒன்னியப் பாக்கணும்போல இருந்துச்சு" என்றாள். என்னைப் பார்க்கத் தோன்றினால் முறுக்குச் சட்டியோடு வருகிறவள் அவள்.

நேற்று எண்ணெய் வைக்க உட்காரச் சொன்னபோது ரவிக்கையைக் கழற்ற மாட்டேன் என்று மல்லுக்கு நின்றாள். ஆத்தா போன பிறகு நான் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை. விடுவேனா? கழற்றிவிட்டேன். மாப்பிள்ளை, எனக்கு நூல் பிடித்துப் பழகின கை. முதுகில் கிடந்த தடத்தைப் பார்த்ததுமே மூன்று புரி முறுக்குக் கயிறு என்று தெரிந்துவிட்டது. உங்கள் மண்டியில் பூண்டு மூட்டை கட்டுகிற கயிறு.

அவளுக்கு ஒரு ரவிக்கை பின்னத் தொடங்கியிருக்கிறேன். அது முடியும்வரை அவள் இங்கேதான் இருப்பாள்.

இப்படிக்கு,
கருத்தம்மாள்

*

பாலசுப்பிரமணியர் துணை
வடுகபட்டி
23-3-1937

மரியாதைக்குரிய மதினி கருத்தம்மாள் அவர்களுக்கு முத்துவீரன் வணக்கம். கடிதம் கண்டு மனம் ஆறுதல் அடைந்தது. கிணறு குளமெல்லாம் ஆள் விட்டுப் பார்த்துவிட்டோம். அம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. கொடைக்கானலிலிருந்து வந்த மலைப்பூண்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மழை இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தும் அவள் அள்ளவில்லை. அரைப்பங்கு அழுகிவிட்டது. அந்தக் கோபத்தில் கை நீண்டுவிட்டது. எந்த வீட்டில் இல்லாதது? எங்கள் அப்பா அடிக்காத அடியா? அம்மா இன்றைக்கும் அவர் படத்துக்குப் பூ வைக்கிறாள்.

ரவிக்கைக்காகக் காத்திருப்பானேன்? பெரியகுளத்தில் தையற்காரர் இருக்கிறார், நல்ல பூப்போட்ட சீட்டித் துணியில் நாலு தைத்துத் தருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கவும். உங்கள் வீட்டுக்கு நல்ல பூண்டாகப் பார்த்து ஒரு கட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் தவசி அண்ணனுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
முத்துவீரன்

*

காளாத்தீசுவரர் துணை
உத்தமபாளையம்
30-3-1937

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பூண்டு வந்தது. ரசத்துக்கு நன்றாக இருக்கிறது. ராமுத்தாய் மட்டும் அந்த ரசம் வேண்டாம் என்று மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

பெரியகுளத்துத் தையற்காரர் இந்த ரவிக்கையைத் தைக்க முடியாது. இது துணி இல்லை, முழுக்கப் பருத்தி நூல். முன்பக்கமும் தோளும் நெருக்கமாக இரண்டு ஊசிப் பின்னல். ஊசி என்பது பழைய குடைக்கம்பி. அதற்கும் ஒரு கதை உண்டு. ராமுத்தாய்க்கு எண்ணெய் வைத்த அன்று எங்கள் வீட்டுக்காரர், "புருசன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்கு?" என்றார். நான் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி முந்தானையை விலக்கினேன். பார்த்தார். பரண்மேல் கிடந்த குடையை எடுத்துக் கம்பியை உருவி, கல்லில் தேய்த்து முனை மழுக்கித் தந்தார்.

முதுகு மட்டும் கொக்கி ஊசியில் லேஸ். ராயப்பன்பட்டிக் கோயில் திருநாளில் ஒரு அம்மாள் எனக்கு ஒரு முழம் லேஸ் கொடுத்தார். அதைக் கண் கண்ணாக அவிழ்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வேறு வாத்தியார் இல்லை.

லேஸ் என்றால் பூவும் கொடியும் போடுவார்கள். நான் சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்த கதையைப் போடுகிறேன். வைகை கரை உடைத்தபோது, வந்தி என்கிற பிட்டு விற்கும் கிழவிக்குப் பதில் ஆளாக வந்தவர் அவர். கூலியாகப் பிட்டைத் தின்றுவிட்டு, கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். பாண்டியன் பிரம்பை எடுத்து முதுகில் ஒன்று வைத்தான். அந்த அடி ஊரில் இருந்த ஒவ்வொரு உயிரின் முதுகிலும் விழுந்தது. ராணி முதுகில், மந்திரி முதுகில், வயிற்றுப் பிள்ளை முதுகில்கூட. தெய்வத்தின் முதுகைப் பற்றி வேறு கதை எனக்குத் தெரியாது. அதனால் இது.

இடுப்போரமாக வைகை அலை. அதன்மேல் கரை. நடுவில் மண்கூடை. சுற்றி, உதிர்ந்த பிட்டு மாதிரிச் சின்னச் சின்ன முடிச்சு. தோளுக்குக் கீழே சாய்வாகப் பிரம்பு ஒன்றும் பின்னியிருந்தேன். ராமுத்தாய் பார்த்துவிட்டு, "ஏங்கா, முதுகுல வாங்குனது பத்தாதுன்னு சட்டையிலயும் பிரம்பு வச்சு அனுப்புறியாக்கும்?" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். பிரம்பை அவிழ்த்துவிட்டேன். அந்த இடம் இப்போது வெறும் வலை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இனி உங்கள் வீட்டில் அவள் இந்த மாதிரி ரவிக்கைதான் போடுவாள். மாற்றுக்கு இன்னொன்றும் பின்னித் தருவேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடியிலும் மண்டியிலும் நிற்கும்போது அவள் முதுகு நாலு பேர் கண்ணில் படும். அதில் ஒரு தடம் விழுந்தால் அன்றைக்கே ஊருக்குத் தெரியும். இதற்குச் சம்மதம் என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். நானே கொண்டுவந்து விடுகிறேன்.

இப்படிக்கு,
கருத்தம்மாள்

*

வடுகபட்டி
6-4-1937

மதினி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பெண்டாட்டியின் முதுகை ஊருக்குக் காட்டிக்கொண்டு மண்டியில் உட்கார எனக்கு மானமில்லையா? அம்மா கேட்டாள்: "முதுகெல்லாம் கண்ணு வச்ச சட்டையா? ஒம் பொண்டாட்டி என்னா, தேவேந்திரனா?" கேட்டவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.

பிரம்பைப் பின்னினேன், பிறகு அவிழ்த்தேன் என்கிறீர்கள். நாளைக்குக் கூடையை அவிழ்ப்பீர்கள், அடுத்த வாரம் வைகையை அவிழ்ப்பீர்கள். இப்படியே ஆடி வந்துவிடும். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பெரியவர் சங்கிலி மாமாவையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளைப் புறப்பட்டு நிற்கச் சொல்லவும். என் வீட்டு விளக்கை ஏற்ற என் பெண்டாட்டி வேண்டும். எனக்கு வேறு பேச்சு இல்லை.

முத்துவீரன்

*

காளாத்தீசுவரர் துணை
உத்தமபாளையம்
8-4-1937

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாராளமாக வாருங்கள். உங்களோடு வரும் நாலு பேருக்கும் சேர்த்து உலை வைக்கிறேன். சங்கிலி மாமாவுக்குப் பல் இல்லை என்று ராமுத்தாய் சொன்னாள். குழைய வடிக்கிறேன்.

தேவேந்திரனுக்கு உடம்பெல்லாம் கண் வந்தது அவன் அடுத்தவன் வீட்டில் புகுந்ததற்கு. இவள் செய்தது என்ன? அன்றைக்கு அத்தைக்கு மூச்சு இளைத்துப்போய், நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். பூண்டா, மாமியாரா என்று பார்த்து மாமியாரை எடுத்துக்கொண்டாள். இதை அவள் உங்களிடம் சொல்ல வாயெடுத்தபோதுதான் கயிறு வந்தது என்கிறாள். அத்தையையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மானம் என்றீர்கள். எங்கள் ஆத்தா கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை. உங்கள் அம்மாவும் போடுவதில்லை. அவர்கள் காலத்தில் முதுகு திறந்துதான் கிடந்தது. ஒரு சிராய்ப்பு என்றாலும் கிணற்றடியில் பத்துப் பேர், "இதென்னாடி?" என்று கேட்பார்கள். மறுநாள் புருஷனைச் சாவடியில் கேட்பார்கள். பிறகு ரவிக்கை வந்தது. நல்லதுதான். எனக்கும் இப்போது அது இல்லாமல் வெளியே போக மனம் வராது. ஆனால் உள்ளே இருப்பதைக் கேட்கிற வாய்கள் அடைத்துப்போயின. நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. கேட்பதற்கு வழி விடுகிறேன்.

பெரியவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் ராமுத்தாயைத் திரும்பி நிற்கச் சொல்வேன். பார்த்துவிட்டு, அழைத்துப் போ என்று அவர்கள் சொன்னால் அழைத்துப் போங்கள்.

கருத்தம்மாள்

*

பாலசுப்பிரமணியர் துணை
வடுகபட்டி
21-4-1937

மதினி அவர்களுக்கு முத்துவீரன் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வராதது உங்களுக்கே தெரியும். சங்கிலி மாமா வண்டியில் ஏற மறுத்துவிட்டார். "அந்தப் புள்ள திரும்பி நின்னா நான் மூஞ்சிய எங்கடா வச்சுக்கிருவேன்? சோத்த வேற தின்னுட்டு!" என்றார். மற்ற மூன்று பேரும் அவர் வராமல் வருவார்களா?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தைலம் தேய்த்தது உண்மைதான் என்றாள். பிறகு, "ஒங்கப்பாரு அடிச்சப்ப எனக்கு மேல்சட்ட இல்லடா. ஊரு கேட்டுச்சு. அதான் நான் தப்பிச்சேன்" என்றாள்.

பூண்டு வாங்க வருகிறவர்கள் எல்லாம், "வீட்டுக்காரம்மா வந்துட்டாகளா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சலித்துவிட்டது. வீடு வீடாக இல்லை. உங்கள் வார்த்தைக்கு நான் கட்டுப்படுகிறேன். அவள் அந்த ரவிக்கையையே போட்டுக்கொண்டு வரட்டும். மாற்றுக்கும் ஒன்று பின்னிக் கொடுங்கள். இனி அவள் முதுகில் என் கை படாது. பாலசுப்பிரமணியர் மேல் ஆணையாக எழுதுகிறேன்.

நாள் குறித்து எழுதுங்கள். வண்டி கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
முத்துவீரன்

*

காளாத்தீசுவரர் துணை
உத்தமபாளையம்
1-5-1937

வடுகபட்டி முத்துவீரன் அவர்களுக்குக் கருத்தம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். நான் கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் ராமுத்தாயை உட்கார வைத்து வாசித்தேன். அவள் முன்பக்கத்தையும் லேஸையும் விலாவில் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"அந்த ஆணை வச்ச வரிய இன்னொருக்க வாசிக்கா."

வாசித்தேன்.

"முதுகுலன்னுதான எழுதியிருக்காக?"

"ஆமா."

"அப்ப கன்னம்? கையி? தலமயிரு?"

"ஏண்டி, சாமி மேல சத்தியம் வச்சிருக்காக. நீ வார்த்தைக்கு வார்த்தை நோண்டிக்கிட்டு இருக்க!"

"நான் நோண்டல. நீ முதுகுக்குச் சன்னல் வச்ச. அவுக முதுக மட்டும் விட்டுட்டாக. இனி ஒவ்வொரு எடத்துக்கா சன்னல் வச்சுக்கிட்டே போவியா? ஊரு பாத்துக்கிட்டே இருந்தாத்தான் நான் அடி வாங்காம இருக்கணும்னா, கதவச் சாத்துனப்பெறகு?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் கண் வலிக்கப் பின்னியவள் நான். "ஒனக்காகத்தான நானும் ஒம் மாமாவும் இம்புட்டும் பண்ணுறோம்?" என்று கத்தினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ஒனக்கு வலிச்சுச்சு, பின்னுன. மாமாவுக்கு வலிச்சுச்சு, கம்பியத் தேச்சாக. எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

அவள் உறங்கப் போனதும் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். அதில் சங்கிலி மாமாவின் வெட்கம் இருக்கிறது. அத்தை பட்டது இருக்கிறது. பூண்டு வாங்க வருகிறவர்களின் கேள்வி இருக்கிறது. ராமுத்தாய்க்கு வலித்திருக்குமே என்று ஒரு வரி தேடினேன். பின்பக்கத்தைத் திருப்பியும் தேடினேன். பாண்டியன் பிரம்பைக் கீழே போட்டது ஊர் பார்த்துவிட்டது என்று வெட்கப்பட்டு இல்லை. அவன் முதுகிலும் விழுந்தது. நான் அந்தக் கதையை முழுக்கப் பின்னிவிட்டு, அதில் பாதியைத்தான் உங்களிடம் கேட்டிருக்கிறேன்.

சம்மதம் எழுதினால் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னது நான். அந்தச் சொல்லை நானே மாற்றுகிறேன். அந்தப் பழி என் மேலேயே இருக்கட்டும்.

நம் வழக்கத்தில், ஒத்துவராத புருஷனும் பெண்டாட்டியும் பெரியவர்கள் முன்னால் துரும்பு முறித்துப் பிரிந்துகொள்வது உண்டு. முறித்துவிட்டால் இருவருக்கும் பிறகு பாத்தியதை இல்லை. வீரபாண்டி மாரியம்மன் திருவிழா முடிந்ததும் வருகிற வெள்ளிக்கிழமை, உங்கள் ஊர்ச் சாவடியில் பெரியவர்களைக் கூட்டிவையுங்கள். நானும் வீட்டுக்காரரும் அவளோடு வருகிறோம். துரும்பை அவளே முறித்துக் கொடுப்பாள். நீங்கள் கட்டிய தாலியும் அப்போதே உங்கள் கையில் வந்துவிடும். அத்தை தைலத்தைச் சூடுபண்ணித் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் ராமுத்தாய் சொல்லச் சொன்னாள்.

அவள் இங்கேயே இருப்பாள். கொக்கி ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் போடும் முடிச்சு இப்போதே என்னுடையதைவிட இறுக்கமாக இருக்கிறது.

ரவிக்கை நேற்று முடிந்தது. போட்டுப் பார்க்கச் சொன்னேன். வலைக்குள்ளே முதுகு மாநிறமாக, தடம் மங்கித் தெரிந்தது. "சாவடிக்கு இதயே போட்டுக்கிட்டு வா. அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்" என்றேன்.

"போக்கா, அவுக பாத்து என்னா ஆகப்போகுது? இது நான் வீரபாண்டியில தீச்சட்டி எடுக்கப் போட்டுக்கிருவேன். சாவடிக்குப் பழைய சீட்டி ரவிக்க போதும்" என்றாள்.

இப்படிக்கு,
ராமுத்தாயின் அக்காள்
கருத்தம்மாள்