நீ விழுங்காத நூற்றுப் பன்னிரண்டு மாத்திரைகள்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஜூன் 14, ஞாயிறு, காலை 10.40. சங்கரன்கோவில் வீட்டில், உன் துணிப்பெட்டிக்குள் கிடந்த மாத்திரைகளைக் கட்டிலில் கொட்டி எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. கடைசி நான்கு மாதமும் தவறாமல் ஆஸ்பத்திரியில் வாங்கி வந்து, ஒன்றையும் விழுங்காமல் ஒளித்திருக்கிறாய்.

ஏன் என்று எனக்குத் தெரியும். நீ ஓட்டும் கரிவலம் மினி பஸ்ஸை நிறுத்திவிட்டு ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாயே, அன்றைக்கு.

"ஏலே, ரத்தத்துல அந்த பி வைரஸ் இல்லன்னு ரிசல்ட்டு வந்திருக்கு. சரியாயிட்டா?"

"இல்லண்ணே. மாத்திர வைரஸக் கொல்லாது. நிறுத்தித்தான் வைக்கும்."

"கொல்லாத மருந்த எதுக்குலே தெனமும் திங்க? நல்ல சயின்டிஸ்ட்டுல நீ!"

நான் மதுரை லேபில் ஈரலைத் தாக்கும் அதே ஹெபடைடிஸ் பி வைரஸின் டிஎன்ஏவை அளந்துகொண்டிருந்தேன். "மெஷின் ஓடுது, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். பேசவேயில்லை.

இப்போது சொல்கிறேன். அந்த வைரஸுக்கு ஒரு நொதி உண்டு. மாலை கட்டுவதுபோல ஒவ்வொரு துண்டாகக் கோத்து டிஎன்ஏ நகல் எடுப்பது அதுதான். மாத்திரை ஒரு போலித் துண்டு. அதைக் கோத்துவிட்டால் அடுத்ததைக் கோக்க முடியாது. நகல் பாதியில் நிற்கும். ஆனால் மூல டிஎன்ஏ ஈரல் செல்லுக்குள் அப்படியே இருக்கும். போலி தினமும் போய்ச் சேர வேண்டும். நீ நிறுத்தினாய், அது தொடங்கியது. கண் மஞ்சளான பதினோராம் நாள் நீ இல்லை.

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் அண்ணே?

நம் தங்கச்சி எஸ்தருக்கும் அதே வைரஸ், அதே மாத்திரை. அம்மாவிடமிருந்து உங்கள் இருவருக்கும் வந்தது, எனக்கு வரவில்லை. மூன்று நாளாக அவள் மாத்திரையைத் தொடவில்லை. "இதத் தின்னுதானே பெரியண்ணன் போனான்? என்னையும் அனுப்பப் பாக்கியா?" என்கிறாள். மாத்திரைச் சூடுதான் உன் ஈரலைத் தின்றது என்று அம்மாவும் நம்புகிறாள். நீ மறைத்ததைச் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள். உன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறேன்.

1. எஸ்தர் ஆராதனை முடிந்து வந்ததும் இவ்வளவையும் அவள் முன்னால் வைப்பேன்.
2. அன்று உன்னிடம் நான் பேசிய லட்சணத்தையும் சொல்வேன். அம்மா அடித்தால் வாங்கிக்கொள்வேன்.
3. நாளை அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைப்பேன்.
4. அவள் என் கண்முன் தண்ணீர் குடித்து விழுங்கும்வரை மதுரைக்குப் போக மாட்டேன்.

உன் தம்பி,
சாமுவேல்