ரோசம்மாவும் நானும் சந்திக்கக் கூடாது

9 நவ. 43, செவ்வாய். பொந்தியான்

மழை. ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில் ஒழுகல். ஆற்றோர மலாய்க் கம்பத்து வீடுகளில் காலரா. டவுனுக்கு இன்னும் வரவில்லை. வருமுன் ஏற்பாடு.

டாக்டர் என்னையும் ரோசம்மாவையும் கூப்பிட்டு: "டெலிபோன் போர்டு தெரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேர்தான். ஒண்ணா படுத்துட்டா வண்டிய யாரு அனுப்புறது? இனிமே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கக் கூடாது."

ஒரு நாள் நான், மறுநாள் அவள். போன் வந்தால் கேட்க வேண்டியவை: வாந்தியா, பேதியா, எந்தத் தண்ணீர், வீட்டில் வேறு யார். அவர்களையும் ஏற்றிவந்து தனிக் கொட்டகையில் வைக்க வேண்டும்.

10, புதன்

பாப்பாவை யாரிடம் விட? இதுவரை பார்த்துக்கொண்டவள் ரோசம்மா. சயாமுக்கு ரயில் பாதை போடப் போன அவரிடமிருந்து தகவலே இல்லை. பக்கத்து வீட்டு மாமி: "அலமாக்! ஆஸ்பத்திரிக்காரி பிள்ளையா? வேணாம்மா."

ரோசம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று: "பிள்ளைய படியில வச்சிட்டுப் போடி. நீ போனதும் எடுத்துக்கிறேன். மூஞ்சிய பாக்கலைல?"

சிரிப்பு வந்தது. அவள் மடி, என் மடி, நடுவில் பாப்பா. மூஞ்சியைப் பார்க்காவிட்டாலும் நோய் பாப்பா வழியே வரும் என்று காலேஜ் போன எனக்குப் புரியாதா? வைத்துவிட்டு வந்தேன்.

12, வெள்ளி. வேலை

மார்க்கெட் பக்கம் ஒரு கேஸ். போன் வாய்க்குழாயைக் கார்பாலிக்கால் துடைத்துத் துடைத்துத் தலைவலி. பாப்பாவுக்குப் பல் வருகிறது. எதையும் வாயில் வைக்கிறாள். ரோசம்மா தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாளா? கேட்டால் கோபிப்பாள்.

14, ஞாயிறு. வேலை

சாயங்காலம் போன் மணி. மூலைச் சீனர் கடையிலிருந்து ரோசம்மா. நான் கேட்கும் முன்பே, வரிசையாக: "எனக்குத்தான்டி. வாந்தி. பேதி. கிணத்துத் தண்ணி. விறகு நனைஞ்சிருச்சு, கொதிக்க வைக்கல." நிறுத்திவிட்டாள்.

"வீட்ல வேற யாரு?"

"தெரியாத மாதிரி கேக்குறியே... தூங்குறா. நல்லாத்தான் இருக்கா. யாருமில்லன்னு சொல்லிடு. விடிஞ்சதும் நீ வந்து தூக்கிக்கோ."

விடிந்ததும் என்னை மாற்றிவிட வரவேண்டியவளே அவள்தான்.

டிரைவர் அகமது ஜன்னலில். "பெராப்பா ஓராங்?" எத்தனை பேர்.

"டுவா" என்றேன். ஒரு பெரியவள், ஒரு கைக்குழந்தை.

வண்டி திரும்பிவிட்டது. கொட்டகைப் பக்கம் அழுகை. பாப்பாதான். குரலில் பலம் இருக்கிறது. பால் கட்டி மார்பு வலி. எழுந்து போனால் போர்டில் ஆளில்லை.

மறுபடி மணி