நீ ஃபிக்ஸ் பண்ணிவிட்டுப் போன பிராக்கெட்

என் உயிர் மச்சான் குமரா,

சேதராப்பட்டு கம்பெனியில் உன் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. யாராவது உட்காரப் போனால் நான் முறைக்கிறேன். வில்லியனூரிலிருந்து பைக்கில் தனியாக வருவதுதான் பழகவே மாட்டேன் என்கிறது. "மெதுவா போடா, ஒந் தங்கச்சிக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்று பின்னால் உட்கார்ந்து கத்த ஆளில்லை. ரோட்டுக்கு அப்படிப் பயந்தவனை, வீட்டில் விடியற்காலை வந்த நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டதே, பாவி!

நீ பாதியில் விட்ட பெட்டி தள்ளும் கன்வேயர் டிசைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போன பிறகு வாடிக்கையாளர் அடிச்சட்டம் இன்னும் நீளமாக வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் சட்டத்தை நீட்டினேன். அவ்வளவுதான், பாகங்களைக் கோத்து நீ வரைந்த அசெம்பிளி முழுக்கப் பிழை என்று சிவப்பு. இந்தத் தண்டு அந்தத் துளைக்கு நேராக நிற்கவேண்டும், இந்தத் தகடு அந்தத் தகட்டோடு ஒட்டவேண்டும் என்று நீ போட்டுவைத்த மேட் எல்லாம் ஒன்றோடொன்று சண்டை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இத்த நோண்டிக்கினு இருந்தா வேலைக்கு ஆவாதுபா. தூக்கிப் போட்டுட்டு புதுசா போடு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்று காலையில்தான் வசந்தி கேட்டிருந்தாள்: "அண்ணா, அவரு கடசியா போட்ட மிஷின் ஓடுமா? ஓடுச்சின்னா என்ன இட்டுனு போய் காட்டுவியா?" உன் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் முகத்தில் எப்படி முழிப்பேன், சொல்லு?

எல்லா மேட்டையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சட்டம் சரி, பேரிங் சரி, தண்டும் சரி. மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு வந்ததும் மறுபடி சிவப்பு. அழித்துப் போட்டேன், திருப்பிப் போட்டேன், ம்ஹூம். நீ துளையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டாயோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் பிராக்கெட்டை மவுஸால் இழுத்தால், அசையவே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் ஃபிக்ஸ் குறி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த ஷிப்ட்டுக்காரர் மவுஸைத் தட்டி எதுவும் நகர்ந்துவிடக் கூடாது என்று, சாயங்காலம் கிளம்பும்போது கையிலிருக்கும் பாகத்தை ஃபிக்ஸ் பண்ணுவாயே! மறுநாள் வந்ததும், டீகூடக் குடிக்காமல், முதலில் அதைத்தான் எடுத்துவிடுவாய். கடைசி நாளும் சொன்னாய்: "வாடா போலாம், காலைல வந்து எடுத்துவுட்டுக்கறேன்."

பிராக்கெட் நீ வருவாய் என்று அங்கேயே நின்றிருக்கிறது. எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை, மச்சான். நீ கடைசியாகக் கை வைத்தது அதில்தானே? சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போனதும் உட்கார்ந்து அழுதேன். அப்படி என்னடா அவசரம் உனக்கு?

பிறகு ஃபிக்ஸை எடுத்தேன். பிராக்கெட் தானாக நகர்ந்து, நீட்டிய சட்டத்தில் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. சிவப்பெல்லாம் போய்விட்டது. நீ போட்ட துளைகளில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.

மிஷின் தயாரானதும் வசந்தியைக் கூட்டி வருவேன், பச்சை பட்டனை அவள்தான் அழுத்துவாள். முதலாளியிடம் கேட்டதற்கு, "இட்டுனு வாபா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், சத்தியம். காலையில் வந்து எடுத்துவிடுகிறேன் என்று போனாயே, நானே எடுத்துவிட்டேன்டா.

பைக்கில் உனக்கு முன்னால் உட்கார்ந்த மச்சான்,
வசந்தியின் அண்ணன்,
சரவணன்